குடலில் ஈஸ்ட் பெருகிவிட்டதா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து உணவு ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் இப்போது ஒரு புதுக் கவலையைப் பார்க்கிறேன். "குடலில் ஈஸ்ட் பெருகியிருக்கு, சோறு, பழம், தேங்காய், மீன்கறிக்குப் புளி எல்லாம் விட்டுட்டேன்" என்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் கன்னம் ஒட்டிப்போய் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். இது பொதுவான விளக்கம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் உணவில் பெரிய மாற்றம் செய்யுமுன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குடலில் ஈஸ்ட் இருந்தாலே நோயா?

இல்லை. ஈஸ்ட் என்பது ஒருவகைப் பூஞ்சை. அதில் கேண்டிடா என்ற வகை நம்மில் மிகப் பலருடைய வாயிலும் குடலிலும், பெண்களின் பிறப்புறுப்பிலும் சாதாரணமாகவே குடியிருக்கிறது. அதில் முக்கியமானது கேண்டிடா ஆல்பிகன்ஸ். பக்கத்தில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் நம் நோய் எதிர்ப்பு சக்தியும் அதை அடக்கி வைத்திருக்கும் வரை அது இருப்பதே நமக்குத் தெரியாது. ஆகவே மலப் பரிசோதனையில் "ஈஸ்ட் காணப்படுகிறது" என்று ஒரு வரி வந்துவிட்டதால் மட்டும் பயப்பட வேண்டாம்.

அப்படியானால் எப்போது அது நோயாகிறது?

அடக்கி வைப்பது தளரும்போது. கட்டுப்படாத சர்க்கரை நோய், அடிக்கடி ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய் சிகிச்சை, எச்.ஐ.வி. தொற்று, கர்ப்ப காலம் ஆகியவைதான் பெரும்பாலான காரணங்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும், பல்செட்டைக் கழற்றாமலே தூங்குகிற பெரியவர்களுக்கும் வாயில் வெள்ளைப் படலம் வரும். நாள் முழுக்க தண்ணீரில் கைவைத்து மீன் சுத்தம் செய்கிற பெண்களுக்கு நகத்தைச் சுற்றி வீங்கி ஆறாமல் இழுப்பதிலும் இதே கேண்டிடாவுக்குப் பங்கு உண்டு. வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊர் நம்முடையது. ஈர உடையோடு ரப்பர் தோட்டத்திலும் வள்ளத்திலும் வேலை செய்கிறவர்களுக்குத் தொடையிடுக்கிலும் அக்குளிலும் பூஞ்சைத் தொற்று வருவது புதிதல்ல. இவற்றுக்கெல்லாம் மருந்து இருக்கிறது. காரணத்தைச் சரிசெய்து, மருந்தையும் சரியாக எடுத்தால் குணமாகும்.

சிறுகுடலில் பூஞ்சை அளவுக்கு மீறிப் பெருகுவதும் மருத்துவத்தில் அறியப்பட்ட ஒன்றுதான். குடல் அசைவு மந்தமானவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தவர்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் விழுங்குகிறவர்களிடம் அது பார்க்கப்படுகிறது. எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடல் நீரை எடுத்து வளர்த்துப் பார்த்துத்தான் அதை உறுதிசெய்ய முடியும். அறிகுறியை வைத்து யாரும் ஊகித்துச் சொல்லக் கூடாது.

எப்போதும் அசதி, வயிறு உப்புசம், மறதி, இனிப்பு மேல் ஆசை. இது கேண்டிடா என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே?

இந்தக் கருத்து 1980-களில் அமெரிக்காவில் பரவியது. தலைவலி முதல் மனச்சோர்வு வரை எல்லாவற்றுக்கும் குடல் ஈஸ்டே காரணம் என்றும், இனிப்பு, மாவு, பழம், புளித்த உணவு எல்லாவற்றையும் விலக்கினால் சரியாகும் என்றும் சொன்னார்கள். 1986-லேயே அங்குள்ள ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு இது நிரூபிக்கப்படாத ஊகம் என்று அறிவித்தது. 1990-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு பரிசோதனை வெளியானது. இந்தப் பிரச்சினை இருப்பதாகக் கருதப்பட்ட 42 பெண்களுக்கு நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தும், வெற்று மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறப்புறுப்பு அரிப்பு மருந்தில் குறைந்தது. ஆனால் அசதி, மனச்சோர்வு போன்ற உடல் முழுதுமான தொந்தரவுகளில் வெற்று மாத்திரையைவிட மருந்து அதிகமாக எதையும் செய்யவில்லை.

அதற்காக உங்கள் அசதி பொய் என்று நான் சொல்லவில்லை. அசதி உண்மை, உப்புசம் உண்மை. காரணத்தைத்தான் வேறிடத்தில் தேட வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, தூக்கமின்மை ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்வேன். கருங்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா பல மாதமாகச் சோற்றையும் பழத்தையும் விட்டுவிட்டு வெறும் காயும் முட்டையுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே இருந்தது. இரும்புச்சத்து மருந்து தொடங்கி, கூடவே சாப்பாட்டையும் பழையபடி மாற்றிய பிறகுதான் அவருக்குப் படியேற முடிந்தது. குடல் ஈஸ்டைத் துரத்திய காலம் முழுக்க அந்த ரத்தசோகை கவனிக்கப்படாமலே கிடந்திருக்கிறது. இதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

காலையில் எழுந்ததும் தண்ணீர் கிளாசில் எச்சில் துப்பினால் நூல் மாதிரி இறங்குகிறது. அது ஈஸ்ட்தானே?

அது சளியும் எச்சிலின் கெட்டியும். இரவில் வாய் உலர்ந்திருந்தால் யாருக்கும் அப்படி இறங்கும். இந்தச் சோதனைக்கு மருத்துவ மதிப்பு எதுவும் இல்லை. நாக்கில் லேசான வெள்ளை மாவு இருப்பதும் அப்படித்தான். நாக்கு வழித்தால் எளிதாகப் போய், அடியில் சிவக்காத வெள்ளை பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று அல்ல. ஒட்டிப் பிடித்து, சுரண்டினால் சிவந்து ரத்தம் கசிகிற படலத்தைத்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு செய்கிற "உணவு ஒவ்வாமை ஐஜிஜி" ரத்தப் பரிசோதனையையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள். ஐஜிஜி என்பது ரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம். நீங்கள் அடிக்கடி சாப்பிடுகிற உணவுக்கு உடலில் அது இருப்பது இயல்பு. அந்த அறிக்கையைப் பார்த்து மீனையும் தேங்காயையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனிப்பை அறவே நிறுத்தினால் ஈஸ்ட் பட்டினியில் செத்துப்போகுமா?

கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நாம் சாப்பிடும் சர்க்கரையும் மாவும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போய்விடுகின்றன. கேண்டிடா அதிகம் குடியிருக்கும் பெருங்குடலுக்கு அதில் கொஞ்சம்தான் போய்ச் சேரும். 1999-ல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான 28 பேருக்குச் சுத்திகரித்த சர்க்கரை நிறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் கேண்டிடாவின் அளவில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கதை வேறு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் எச்சிலிலும் சிறுநீரிலும் சர்க்கரை கூடும், நோய் எதிர்ப்பும் தளரும். அது ஈஸ்டுக்குக் கொண்டாட்டம். அவர்களுக்கு இனிப்பைக் குறைப்பது நேரடியாகவே பயன் தரும். மற்றவர்களும் குறைப்பது நல்லதுதான், பல்லுக்கும் எடைக்கும் கல்லீரலுக்கும் நல்லது. தனியாகச் சேர்க்கும் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் சிறப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று மூன்று சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. அதிலேயே கணக்கு முடிந்துவிட்டது. அதோடு ஒரு துண்டு கேக் வைத்தால் தாண்டிவிடும். முதலில் சாயாவில் கைவையுங்கள்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி, அக்கானி (பதநீர்), மார்த்தாண்டம் தேன் எடுக்கலாமா?

கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான். கொஞ்சம் தாது உப்புகள் கூடுதலாக உண்டு, மணமும் ருசியும் உண்டு. அதற்காக எடுங்கள், மருந்தென்று நினைத்து அளவில்லாமல் எடுக்காதீர்கள். மேலே சொன்ன ஆறு ஸ்பூனில் கருப்பட்டியும் அடங்கும். சுக்குக்காப்பியில் சிறு துண்டு போதும். அக்கானி காலையில் இறக்கியதும் குடிப்பது நம் ஊர்ச் சுகம். சர்க்கரை நோயாளிகள் மட்டும் அதைத் தவிர்ப்பது நல்லது.

தேனைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள். பிறந்ததும் நாக்கில் தேன் தடவுகிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் விதைத்துகள் பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து, உயிருக்கே ஆபத்தான தசைத் தளர்ச்சியை உண்டாக்கலாம். பாட்டிமார் மனம் கோணாதபடி இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சம்பாச் சோறு, ஏத்தம்பழம், மட்டிப்பழம் எல்லாம் விடணுமா?

வேண்டாம். இவற்றை விட்டால் ஈஸ்ட் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, பசியும் மலச்சிக்கலும்தான் வரும். மரச்சீனி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு கைப்பிடி அளவில் நிறுத்திக்கொண்டு கூட மீன்கறியும் ஒரு துவரனும் வைத்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். வேகவைத்த தண்ணீரை எப்போதும் வடித்துக் கொட்டுங்கள், கிழங்கிலுள்ள நச்சுச் சத்து அதோடு குறையும்.

பச்சை ஏத்தங்காயில் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிற மாவுச்சத்து நிறைய இருக்கிறது. அங்கிருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு அதுதான் தீனி. ஏத்தங்காய்த் துவரனும் எரிசேரியும் வாரத்தில் இரண்டு முறை வந்தால் நல்லது. எண்ணெயில் பொரித்த உப்பேரியில் அந்த நன்மையைத் தேடக் கூடாது. பழுக்கப் பழுக்க அந்த மாவு சர்க்கரையாகிவிடும். புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் சிறிய பழம், ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வசதி.

ஆப்பத்துக்கும் ரொட்டிக்கும் போடுகிற ஈஸ்ட் குடலில் போய்ப் பெருகாதா?

பெருகாது. அது சாக்கரோமைசஸ் என்ற வேறு இனம், கேண்டிடா அல்ல. கல்லில் ஊற்றி வேகும்போதே அது செத்தும்விடுகிறது. கள் விட்டுப் புளிக்கவைத்த காலத்திலும் நம் பாட்டிமார் ஆப்பம் தின்றுதான் நன்றாக இருந்தார்கள். ரொட்டி சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் கோதுமையிலுள்ள ஒருவகைச் சர்க்கரை. அதைக் கீழே சொல்கிறேன். கோதுமை சாப்பிடும்போதெல்லாம் வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் இருந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நிறுத்திவிட்டுப் பார்த்தால் பரிசோதனையில் தெரியாமல் போய்விடும்.

பழங்கஞ்சி நல்லதா, கெட்டதா? ஒரு பக்கம் அமிர்தம் என்கிறார்கள், ஒரு பக்கம் புளித்ததைத் தொடாதே என்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. பெரும்பாலானவர்களுக்கு நல்லது. சோறு ஆறி நீரில் ஊறும்போது இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, ஆறிய சோற்றில் மாவின் ஒரு பகுதி இறுகி, எளிதில் செரிக்காத வகையாக மாறி, பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. இரண்டு, லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்க வைக்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆய்வே செய்திருக்கிறார்கள். ஈஸ்ட் உணவுமுறை சொல்கிறவர்கள் "புளித்தது கூடாது" என்பதற்கு வலுவான காரணம் எதுவும் தரவில்லை.

செய்முறையில்தான் கவனம் வேண்டும். மதியம் வடித்த சோற்றை அடுப்படியில் மூடிவைத்து இரவு பத்து மணிக்கு நீரூற்றுவது தவறு. நம் ஊர்ச் சூட்டிலும் புழுக்கத்திலும் அத்தனை நேரம் கிடக்கும் சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி வாந்தி உண்டாக்கும் நஞ்சைக் கக்கலாம். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. இரவுச் சோற்றை அகலமான தட்டில் பரத்தி ஆறவைத்து, சூடு போனதும் சுத்தமான மண்சட்டிக்கு மாற்றி, கொதித்து ஆறிய தண்ணீரைச் சோறு முங்கும் அளவுக்கு ஊற்றி, மெல்லிய துணியால் வாய்கட்டி வையுங்கள். எட்டு மணி நேரம் போதும். சித்திரை, வைகாசியில் அதற்கு முன்பே புளித்துவிடும். காலையில் மூடியைத் திறந்தால் மோர் போன்ற இதமான புளிப்பு வாசம் வர வேண்டும். பருக்கை நூல் விட்டாலோ, கொழகொழத்தாலோ, இளஞ்சிவப்போ கறுப்போ புள்ளி தெரிந்தாலோ அப்படியே கொட்டிவிடுங்கள். ஐயோ சோறு வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம்.

கையால் பிசைந்து, கொஞ்சம் தயிரும், இரண்டு உள்ளியும், ஒரு காந்தாரி மிளகாயும். கருவாடு தினமும் வேண்டாம், உப்பு அதிகம். சுட்ட சாளை இருந்தால் அதைவிட நல்லது. சர்க்கரை நோயாளிகள் சோற்றின் அளவைக் குறைத்து நீரையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். நோய் எதிர்ப்பு மிகவும் குறைந்த நிலையில் இருப்பவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள் மட்டும் வீட்டில் புளிக்கவைத்த எதையும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

தயிர், மோர் போதுமா, புரோபயாடிக் மாத்திரை வாங்கணுமா?

வீட்டு மோர் போதும். பாலைவிடத் தயிரில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைவு என்பதால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் அது ஒத்துக்கொள்ளும். நல்ல கிருமிகளை அடைத்து விற்கும் புரோபயாடிக் மாத்திரைகளைப் பொறுத்தவரை, அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் 2020-ல் கொடுத்த வழிகாட்டியில், பெரும்பாலான வயிற்றுத் தொந்தரவுகளுக்குப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே சொன்னது. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்குக்குச் சில வகைகள் உதவும். அவற்றில் ஒன்றான சாக்கரோமைசஸ் பொலார்டி தானே ஒரு ஈஸ்ட்! குடலில் ஈஸ்ட் என்றாலே கெடுதல் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூஞ்சைக்கொல்லி மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் அது செத்துவிடும். தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

தேங்காயெண்ணெய் தினமும் குடிக்கச் சொல்கிறார்களே?

தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், சுமார் 7 சதவீதம் காப்ரிலிக் அமிலம். இரண்டுக்கும் ஆய்வகத்தில் கேண்டிடாவை அடக்கும் திறன் உண்டு. 2016-ல் வெளியான ஆய்வில் தேங்காயெண்ணெய் சேர்த்த தீனி தின்ற சுண்டெலிகளின் குடலில் கேண்டிடா குறைந்தது. மனிதர்களில் அப்படி நிரூபிக்கப்படவில்லை. நாம் விழுங்கும் எண்ணெயும் மேல்குடலிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். ஒரு மேஜைக்கரண்டியில் 120 கலோரி, சுமார் 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. அவியலுக்கு மேலே ஊற்றும் பச்சை எண்ணெயும், தீயலுக்கு வறுத்த தேங்காயும் சேர்ந்து நம் சமையலில் அது ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. மேலும் குடிக்கத் தேவையில்லை.

பூண்டு, கிராம்பு, மஞ்சள், வேப்பிலை?

கறியில் போடும் அளவில் எல்லாமே நல்லவை. மாறாமலை, வெள்ளிமலைப் பக்கத்துக் கிராம்பின் வாசத்துக்கு ஈடில்லை. ஆனால் கிராம்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விழுங்குவது தொண்டையையும் கல்லீரலையும் கெடுக்கும், குழந்தைகளுக்கு மிக ஆபத்து. மஞ்சள் சாரத்தைச் செறிவூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்கள் இருக்கிறார்கள். பூண்டைப் பிறப்புறுப்பில் வைக்கச் சொல்லும் அறிவுரையைத் தயவுசெய்து கேட்காதீர்கள், புண்ணாகிவிடும்.

ஈஸ்ட் இல்லையென்றால் சாப்பிட்டதும் ஏன் வயிறு இப்படி ஊதுகிறது?

நம் பக்கம் எல்லாவற்றுக்கும் "கேஸ்" என்று ஒரே பெயர். அதற்குள் பல காரணங்கள் இருக்கின்றன. அவசரமாக விழுங்குவது, மலச்சிக்கல், பால் ஒவ்வாமல் போவது, எரிச்சல் குடல் நோய் (ஐ.பி.எஸ்.) இவை நான்கும்தான் நான் அதிகம் பார்ப்பது. எரிச்சல் குடல் உள்ளவர்களுக்குச் சில வகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயு கிளம்பும். மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகம் இந்தச் சர்க்கரைகளைக் குறைக்கும் ஒரு உணவுமுறையை வகுத்தது. ஃபாட்மேப் குறைந்த உணவு என்று பெயர். ஈஸ்ட் உணவுமுறையில் சிலருக்கு வயிறு லேசானதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கோதுமை, பால், தேன் எல்லாம் தற்செயலாக அதிலும் விலகிவிடுகின்றன.

நம் சமையலில் இந்தச் சர்க்கரைகள் எங்கே இருக்கின்றன? சின்ன உள்ளியிலும் பூண்டிலும் நிறைய. உள்ளித்தீயல் சாப்பிட்ட அன்று வயிறு கல்லாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். சிறுபயறு, பெரும்பயறு, கடலை, பரோட்டா, கொல்லாங்கொட்டை (முந்திரிப்பருப்பு), மாம்பழம், பால்சாயா இவற்றிலும் உண்டு. சோறு, இடியாப்பம், மீன், முட்டை, கத்தரிக்காய், வெள்ளரிக்காய், கேரட் போன்றவை தொந்தரவு தருவது அரிது.

செய்யும் விதம் முக்கியம். இரண்டு முதல் ஆறு வாரம் மட்டும் சந்தேகமானவற்றைக் குறைத்துப் பார்க்க வேண்டும். வயிறு தேறினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது எந்த அளவில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். வருடக்கணக்கில் எல்லாவற்றையும் விலக்கினால் நல்ல பாக்டீரியாக்களின் தீனியும் சேர்ந்தே குறைந்துவிடும். ஆறு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் இந்த முறை உங்களுக்கு இல்லை, நிறுத்திவிடுங்கள்.

சமையலில் இரண்டு உபாயங்கள் கைகொடுக்கும். பூண்டின் அந்தச் சர்க்கரை நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே முழுப்பூண்டைத் தேங்காயெண்ணெயில் போட்டு மணம் வந்ததும் எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் கறியைத் தாளித்தால் ருசி வரும், உப்புசம் வராது. பயறை இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தால் வாயு கணிசமாகக் குறையும்.

வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரையை வருடக்கணக்காகப் போடுகிறேன். அது பரவாயில்லையா?

பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவற்றை மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடுகிறவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். வயிற்று அமிலம் கிருமிகளுக்கு ஒரு காவல். அது நெடுநாள் குறைந்திருந்தால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகவும் குடல் தொற்று வரவும் வாய்ப்பு கூடுகிறது. சிலருக்கு அந்த மாத்திரை கட்டாயம் தேவை. உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரியும், படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

வெள்ளைப்படுதலும் அரிப்பும் போன மாதிரி போய் மறுபடி வருகிறது. என்ன சாப்பிட வேண்டும்?

முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள், உணவைப் பிறகு பேசலாம். நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது ஈஸ்ட் தொற்று வருகிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால் காரணம் தேட வேண்டும். சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃபிளோசின், எம்பாகிளிஃபிளோசின் போன்ற மாத்திரை எடுக்கிறீர்களா? அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. அதனால் பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று வருவது தெரிந்த பக்கவிளைவு, ஆண்களுக்கும் வரும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எல்லா வெள்ளைப்படுதலும் ஈஸ்ட் அல்ல. திரித்திரியாகத் தயிர் போல இருந்து அரிப்பு அதிகமென்றால் ஈஸ்டாக இருக்கலாம். மீன்வாடை அடித்தால் பெரும்பாலும் பாக்டீரியா. மருந்தும் வேறு. ஒருவருக்கு எழுதிக்கொடுத்த ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையை இன்னொருவர் வாங்கிப் போடக் கூடாது. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். கர்ப்பிணிகளுக்கு விழுங்கும் மாத்திரையைத் தவிர்த்து உள்ளே வைக்கும் மருந்தையே கொடுப்பார்கள்.

கைக்குழந்தைக்கு நாக்கில் அக்கரம் (வெள்ளைப் படலம்). தாய் பத்தியம் இருக்க வேண்டுமா?

வேண்டாம். பாலூட்டும் தாய் வயிறார மீனும் சோறும் காயும் சாப்பிட வேண்டும். துணியைச் சுற்றி நாக்கைத் தேய்க்காதீர்கள், புண்ணாகும். சொட்டு மருந்தோ ஜெல்லோ குழந்தை மருத்துவர் தருவார். தாயின் மார்புக் காம்பில் எரிச்சலும் வெடிப்பும் இருந்தால் இருவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து வேண்டும். இல்லாவிட்டால் தொற்று மாறி மாறி வந்துகொண்டிருக்கும்.

டயட் தொடங்கிய மூன்றாம் நாள் தலைவலி, கைநடுக்கம். ஈஸ்ட் சாகும்போது நஞ்சு வெளியேறுகிறது, தாங்கிக்கொள் என்கிறார்கள்.

தாங்கிக்கொள்ளாதீர்கள். மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினாலும், சாயாவை நிறுத்தினாலும் தலைவலி வரும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குக் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் அது சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறி. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால்மணி நேரத்தில் சர்க்கரையைச் சோதியுங்கள். நஞ்சு என்று நினைத்துப் படுத்துவிடுவது உயிருக்கே ஆபத்து.

சரி, ஒரு நாள் சாப்பாட்டை எப்படி வைத்துக்கொள்ளலாம்?

காலையில் பழங்கஞ்சி, அல்லது புட்டும் பயறும். புட்டுக்குப் பழமும் சீனியும் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டு பயறைக் கூட்டுங்கள். மதியம் தட்டில் பாதி காய் இருக்க வேண்டும், இதுதான் நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்பது. கீரைத் துவரன், முருங்கைக்காய் போட்ட அவியல், தடியங்காய் ஓலன் என்று வகை வகையாய் காய் சமைக்கத் தெரிந்த ஊர் இது. அந்தக் காய்கள் கல்யாண இலையில் மட்டும் நின்றுவிட்டன. வீட்டில் ஒரு மீன்கறி, ஒரு மலைபோல் சோறு, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காயில்லாத தட்டில் அது வராது. நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினாலும் வயிறு ஊதும், வாரம் வாரமாகக் கூட்டுங்கள்.

மாலையில் பொரித்ததற்குப் பதில் அவித்த பனங்கிழங்கோ ஒரு கொய்யாவோ. இரவு எட்டு மணிக்குள் இடியாப்பமோ தோசையோ. சாளையும் நெத்தோலியும் கிடைக்கிற கரையில் இருந்துகொண்டு சத்துக்கு டப்பா பவுடர் தேட வேண்டியதில்லை.

எந்த அறிகுறிக்கு உணவை மாற்றிப் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மலத்தில் ரத்தம் அல்லது கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, விழுங்கும்போது வலி அல்லது அடைப்பு, விடாத காய்ச்சல், ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வயிற்று மாற்றம். இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்களுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போங்கள். போகும்போது கடந்த ஒரு வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தொந்தரவு வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எடுக்கிற எல்லா மாத்திரைகளையும், வைத்திய ஆசான் கொடுத்த கஷாயம், லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.